பதினோராம் பத்தி

தேங்காய்ப்பட்டணம் துறைமுகச் சாலையில் என் கடை.
ஜெராக்ஸ், டி.டி.பி., ரீசார்ஜ்.
வெளியுறவுத் துறைக்கு மனு அடிக்கப்
பக்கத்துக்கு இருபது ரூபாய்.
அரபியில் வேண்டுமென்றால் முப்பது.
தம்மாமில் பதினொரு வருஷம் தட்டிய விரல்
சும்மா கற்றுக்கொள்ளவில்லை.

மெட்டில்டா வந்தாள், வள்ளவிளைக்காரி.
புருஷன் ததேயுசின் படகு
கடலில் யாரோ போட்ட கோட்டைத் தாண்டியதாம்.
பதினாலு பேர், இருபத்தெட்டு நாளாய்
வளைகுடாவில் ஒரு கொட்டடியில்.
"கோடு எங்க கெடக்குன்னு கேளும் அண்ணே,
சுறாவுக்காவது தெரியுமான்னு கேளும்."
அதை நான் அடிக்கவில்லை.
'கவனக்குறைவாக' என்று அடித்தேன்.

பெயர்ப்பட்டியலில் விரல் தடுக்கியது.
ததேயுஸ், சூசடிமை, இன்னும் எட்டுப் பேர் வள்ளவிளை.
எங்கள் தெரு பீர்கண்ணுவின் மகன் ஒருவன்.
பூந்துறையிலிருந்து இரண்டு பேர்.
கடைசியில் சாய்பாசாப் பையன், பீர்சிங் பூர்த்தி,
ஐஸ் உடைக்க வந்தவன்,
கடலையே போன வருஷம்தான் பார்த்தவன்.
தாய்மொழி என்று ஒரு கட்டம்.
தமிழ், மலையாளம், இந்தி.
நாட்டினம் என்று ஒரு கட்டம்.
ஒருமுறை அடித்துப் பதின்மூன்று முறை ஒட்டினேன்.

தூதரகத்திலிருந்து அழைப்பு.
அதிகாரி இந்தியில் கேட்டார், பிறகு ஆங்கிலத்தில்.
மெட்டில்டா வாய் திறந்ததும்
"இது மலையாளமா?" என்றார்.
சென்னைக்காரர் ஒருவரை இணைப்பில் சேர்த்தார்கள்.
அவரும் கேட்டார்,
"இது மலையாளமா?"
போனைப் பிடுங்கினேன்.
அவள் தமிழை என் தமிழுக்கு,
என் தமிழை அவர் தமிழுக்கு,
அவர் அதை ஆங்கிலத்துக்கு,
அப்புறம் எவரோ அரபிக்கு.
நாலு கை மாறிய அழுகை
வேண்டுகோளாகிப் போய்ச் சேர்ந்தது.

வெள்ளி ஜும்மா முடிந்து ஜமாஅத்தில் கையெழுத்து வாங்கினோம்.
ஞாயிறு பூசை முடிந்து பங்கில் வாங்கினார்கள்.
துறைமுகக் காவலருக்குப் பேரீச்சம்பழம் விற்கும்
எங்களூர் நூகுகண்ணு, அங்கிருந்தபடியே
யாரிடமோ என்னவோ சொன்னான்.
பூந்துறைக்காரர்கள் திருவனந்தபுரத்தில் சாலை மறித்தார்கள்.
இரண்டு மாநில எம்.பி.க்கள்
ஒரே நாளில் ஒரே கேள்வி கேட்டார்கள்,
ஒருவரையொருவர் பிடிக்காமலே.
அந்த வாரம்தான் அந்நாட்டு அமைச்சர்
எண்ணெய் பேச டெல்லி வந்திருந்தார்.

டெல்லியில் வரைபடத்தை மேலிருந்து வாசிப்பார்கள்.
பனி, மலை, வேலி, ராணுவம்.
எங்களிடம் வந்து சேர்வதற்குள்
சாப்பாட்டு நேரம் ஆகிவிடும்.
இங்கே தண்ணீர்தான் முதல் வரி.
டெல்லிக்குத் தம்மாம் வெளிநாடு.
எங்கள் தெருவில்
மாப்பிள்ளை பார்க்கும் தூரம்.

கூட்டறிக்கை வந்தது. அச்செடுத்துப் படித்தேன்.
எரிவாயு, பயங்கரவாதம், செயற்கைக்கோள், யோகா.
பதினோராம் பத்தியில் ஒற்றை வாக்கியம்,
மீனவர் விஷயத்தை இரு தரப்பும்
மனிதாபிமானத்தோடு அணுக இசைந்ததாக.
டிவியில் நாலு பேர்
எண்ணெய் விலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.
நான் பதினோராம் பத்தியை மட்டும் பெரிதாக்கி
நாலு நகல் எடுத்து
ஒன்றை ஏலக்கூடத் தூணில் ஒட்டினேன்.
மத்தியானத்துக்குள் அதன்மேல்
ஐஸ் விலை ஒட்டிவிட்டார்கள்.

திரும்பி வந்தார்கள், படகு இல்லாமல்.
ததேயுஸ் ஆதார் நகலுக்கு வந்தான்,
மிச்சக் காசை அடுத்த மாசம் தருவதாகச் சொன்னான்.
பின்னாலேயே பீர்சிங்.
பழைய மனுவின் நகலைக் கல்லாவில் விரித்து
ஒரு கட்டத்தில் விரல் வைத்தான்.
"இந்தி இல்ல அண்ணே. ஹோ."
"என்ன ஓ?"
"ஹோ. எங்க பாஷ."

நான் கேட்கவே இல்லை.
ஜார்க்கண்ட் என்றதும் அடித்துவிட்டிருக்கிறேன்.
சென்னைக்காரர்மேல் பத்திரமாய் வைத்திருந்த கோபத்தைத்
தேடிப் பார்த்தேன்,
எங்கே வைத்தேனென்று தெரியவில்லை.

கோப்பைத் திறந்தேன்.
மூன்று எழுத்தை அழித்து ஓரெழுத்து அடித்தேன்.
"அதான் வந்தாச்சே, இனி எதுக்கு?" என்றான்
எங்களூர்த் தமிழில்.

"கிடக்கட்டும்" என்றேன்.
வேறு படகில் ஆள் எடுக்கிறார்கள்,
திங்கட்கிழமை கிளம்புகிறான்.